ஓஸ்தா சொன்ன நாங்கள்

மழை எப்போதோ நின்றுவிட்டது, வைப்பர் நிற்கவில்லை. காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சென்று போய்க் கிறீச்சென்று திரும்பிக்கொண்டிருந்தது. இந்த மனிதனுக்குக் காது என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று பக்கத்து இருக்கையில் இருந்த பேரின்பநாதன் பல்லைக் கடித்தார். ஐரிக்குக் காது இருந்தது, நல்ல பெரிய காது, பாதி ஆயுளைப் பொலிசில் கழித்து, கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று கேட்டுப் பழகிய காது, ஆனால் தன் காருக்குள் எழுகிற சத்தம் எதுவும் அதற்குள் போகாது. ஸ்டியரிங்கின்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி இருந்தான். கடலில் பார்க்க ஒன்றும் இல்லை. பின்னேரம்தான், ஆனால் நொவம்பரில் நோர்வேயின் இந்தக் கரையில் பின்னேரம் என்பது பேச்சுக்குத்தான், இருட்டு மத்தியானத்தோடேயே வந்து குந்திவிடும். கார்களை ஏற்றிக்கொண்டு போகிற படகு காற்றுத் தணியட்டும் என்று அக்கரையிலேயே நின்றது. அதே அக்கரையில் ஒரு சின்ன நூலகத்தில் கதிரை போட்டு, கோப்பி ஊற்றி வைத்து, இவர்கள் இரண்டு பேரும் வந்து தாங்கள் சேர்ந்து எழுதிய துப்பறியும் நாவலில் இருந்து வாசிப்பார்கள் என்று ஆட்கள் காத்திருப்பார்கள். அட்டையில் இரண்டு பேருடைய பேரும் இருந்தது. ஐரிக் ஸ்டோர்விக், பேர் நாதன். பேர் என்பது நோர்வேயில் தெருவுக்கு நாலு பேருக்கு வைக்கிற பேர், யாழ்ப்பாணத்தில் கந்தையா மாதிரி. பேரின்பநாதன் என்பது வாயில் நுழையாமல் மீன் தொழிற்சாலையில் முதல் நாளே யாரோ அதை நறுக்கி 'பேர்' என்று வைத்துவிட்டார்கள், பதிப்பகமும் அதையே அட்டையில் போட்டது. தமிழில் சொன்னால் அவருக்குப் பேர் என்றுதான் பேர். மனைவி சறோசா உயிரோடு இருந்த காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "பேருக்குத்தான் பேர், உந்தாளுக்குச் சொந்தமா ஒரு பேரில்லை" என்பாள். அவளுக்கு எல்லாமே சிரிப்பு. இவருக்கு இன்று எதுவுமே சிரிப்பாக இல்லை, காலையில் சென்னையில் இருந்து அந்தப் பிள்ளை போன் எடுத்ததில் இருந்து மண்டைக்குள் ஒரு ஆணி கிடந்து உருளுகிறது.

பூரணி என்று பேர், சென்னைப் பதிப்பகத்தில் செம்மையாக்கம் செய்கிற பிள்ளை. நாவலின் தமிழ்ப் பிரதியை இவரே மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். அவள் அதை ஒரு வரி விடாமல் வாசித்து, 'கதைத்தான்' என்றால் இங்கே வேறு மாதிரி விளங்கும் சார், 'திறப்பு' என்றால் இங்கே சாவி என்று தெரியாது சார் என்று மாதக்கணக்காக இவர் உயிரை வாங்கி, இவரும் சாவிக்கு விட்டுக்கொடுத்துக் கதைத்தலுக்கு விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டி, ஒருவழியாக எல்லாம் முடிந்து இன்று அச்சுக்குப் போகிறது என்கிற நிலைமையில், காலையில் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றவரைக் கூப்பிட்டு, "சார், கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வார்த்தை" என்றாள். ஒரே ஒரு வார்த்தை என்று யாராவது சொன்னால் அன்றைய நாள் போய்விட்டது என்றுதான் அர்த்தம். "ஓஸ்தா பாட்டி விசாரணை அறையில 'நாங்கள்தான் செய்தோம்'னு சொல்றாங்க இல்லையா சார்? அந்த 'நாங்கள்' சரியா?" என்ன சரியில்லை என்று கேட்டார். "இல்ல சார், பாட்டி எதிர்ல உக்காந்திருக்கிறது போலீஸ்காரி இங்குன். 'நாங்கள்'னா எதிர்ல இருக்கிறவங்க சேத்தி கிடையாது. அப்போ பாட்டியும் அவங்க கூட வேலை பார்த்தவங்களும்தான் கதவைச் சாத்திக் கொன்னாங்க, இங்குனுக்குச் சம்பந்தமில்லைன்னு ஆயிடுது. ஆனா சின்ன வயசுல அவ அந்தக் கதவுப் பக்கமா போனப்போ தட்டற சத்தம் கேட்டுச்சுன்னு நடுவுல ஒரு வரி வருதே? அதை வச்சுப் பார்த்தா 'நாம்தான் செய்தோம்'னு இருக்கணும். நாம்னா அவளும் உள்ளே வந்துடறா. எது சார்?" இவர் பற்பசை நுரையைத் துப்பினார். பிறகு, "எங்கட பக்கத்தில ரண்டுக்கும் நாங்கள்தான் பிள்ளை" என்றார். "ரெண்டுக்குமா?" "ஓம். உங்களையும் சேர்த்துச் சொன்னாலும் நாங்கள், சேர்க்காமல் சொன்னாலும் நாங்கள்." "அப்போ உங்க ஊர்ல கொலைகாரன் யாருன்னே கண்டுபிடிக்க முடியாதா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள், உங்களோடு எழுதினவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

கிறீச். நாம் என்பது மேடைச் சொல். ஒலிவாங்கி இல்லாமல் ஒருவன் நாம் என்று சொல்லி இவர் பிறந்த ஊரில் கேட்டதில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது, நாம் காலையில் எழுவோம், நாம் பல் துலக்குவோம் என்று, தேர்தல் கூட்டத்தில் இருந்தது, கோயில் திருவிழாவில் வந்து பேசுகிற ஆள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாம் என்று தொடங்குவார், மற்றபடி வீட்டில், கடையில், பஸ்ஸில், சண்டையில், எல்லாம் நாங்கள்தான். நாங்கள் இண்டைக்கு என்ன கறி வைப்பம் என்று சறோசா கேட்டால் இவரையும் சேர்த்துத்தான் கேட்கிறாள். நாங்கள் உங்கட வீட்டுக்கு வரேல்லை என்று அவள் தன் தமக்கைக்குச் சொன்னால் தமக்கையைச் சேர்க்காமல்தான் சொல்கிறாள். ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. குரலை வைத்து, முகத்தை வைத்து, ஆரோடு கோபம் என்பதை வைத்து எல்லாருக்கும் விளங்கிக்கொண்டுதான் இருந்தது. நோர்வே மொழியும் அப்படித்தான், அதற்கு 'வி' என்று ஒற்றை எழுத்துப் போதும், நீயும் நானும் என்றாலும் வி, நீ இல்லாமல் நானும் மற்றவையும் என்றாலும் வி. அகதியாக வந்து இந்த மொழியைப் படித்த காலத்தில் மற்றதெல்லாம் இவரைப் படுத்தாத பாடு படுத்த, இந்த ஒரு சொல் மட்டும் வீட்டுச் சொல் மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ஓஸ்தாவின் வாயில் ஐரிக்கும் இவரும் 'வி' என்று போட்டது ஒரு பிரச்சினையாகவே இவருக்குத் தெரியவில்லை, தமிழாக்கும்போதும் கை தன்பாட்டில் நாங்கள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. சறோசா போன பிறகும் இப்படித்தான், யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால், நாங்கள் வெள்ளிக்கிழமையில மீன் மச்சம் சாப்பிடுறதில்லை என்று வாய் சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகுதான், எந்த நாங்கள், ஆர் அந்த மற்ற ஆள் என்று மனம் திரும்பிப் பார்க்கிறது. கேட்டவர்கள் கண்டுகொள்வதில்லை. நாங்களுக்குள் இன்னும் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். நாங்கள் நல்ல சொல். எதையும் மூடி வைக்கும். பூரணி வந்து மூடியைத் திறந்துவிட்டாள்.

திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? கொலைகாரர் யார் என்று எழுதினவர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. அதுதான் உள்ளே இருக்கிறது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், துப்பறியும் நாவல் எழுதின இரண்டு பேருக்கு யார் செய்தது என்று தெரியாதாம். தெரியாமல் இல்லை, இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும், இரண்டு பேருக்கும் வேறு வேறாகத் தெரியும். எல்லாம் இந்த மனிதனின் விதியால் வந்தது. எழுதத் தொடங்கிய அன்றைக்கே ஐரிக் விரலை நீட்டிச் சொன்னான், எழுதியதைப் பற்றி இருவரும் வாய் திறந்து பேசக்கூடாது, ஓர் அத்தியாயம் நீ எழுது, அடுத்தது நான், திருத்துவதென்றால் எழுத்திலேயே திருத்து, காரணம் கேட்கக்கூடாது. ஏனென்று கேட்டதற்கு, "இரண்டு சாட்சிகளை ஒரே அறையில் பேச விட்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வார்கள், தனித்தனியாக வைத்தால்தான் உண்மை வரும்" என்றான். பொலிஸ் புத்தி. அது நல்ல யோசனை போலத்தான் அப்போது இருந்தது, ஏனென்றால் இவருக்கும் பேசுவதைவிட எழுதுவது சுகம். அப்படியே எழுதினார்கள். வடக்கே ஒரு மீன்பிடி ஊர், அங்கே தொழிற்சாலையின் உறைகிடங்குக்குள் சபேசன் என்கிற தமிழ்த் தொழிலாளி விறைத்துச் செத்துப்போகிறான், விபத்து என்று ஊர் மூடிவிடுகிறது, காலம் கழித்து அதே ஊரில் பிறந்து வளர்ந்து பொலிஸ் அதிகாரியாகிவிட்ட இங்குன் அந்த வழக்கைத் திறக்கிறாள், தோண்டித் தோண்டிக் கடைசியில் மீன் பொதி செய்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஓஸ்தாவைக் கொண்டுவந்து எதிரில் இருத்துகிறாள், கிழவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வி, அந்த ஒரு எழுத்து, வி செய்தோம் என்கிறாள், இங்குன் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்துகிறாள், புத்தகம் முடிகிறது. ஏன் நிறுத்தினாள்? கிழவிமேல் இரங்கி என்று ஐரிக் நினைத்துக்கொண்டிருக்கிறான். தன்னையும் சேர்த்துத்தான் கிழவி சொல்கிறாள் என்று விளங்கியதால் நிறுத்தினாள் என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வாசிக்கிற சனம் இரண்டையும் நினைத்துக்கொண்டு புத்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஜெர்மன்காரனும் டேனிஷ்காரனும் தங்கள் தங்கள் வி-யைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். இந்தத் தமிழுக்குத்தான், அதுவும் சென்னைத் தமிழுக்குத்தான், ஆள் கணக்குக் காட்டியாக வேண்டியிருக்கிறது.

தட்டுகிற சத்தம். அது கற்பனை இல்லை, அதுதான் தொல்லை. இவர் வந்த புதிதில் அப்படி ஒரு தொழிற்சாலையில், பெட்டிகளை உறைகிடங்குக்குள் அடுக்கிக்கொண்டு நின்றபோது கதவு சாத்தப்பட்டுவிட்டது. விளையாட்டாய்ப் பகிடிக்குச் சாத்தினார்களோ, கோப்பிக்குப் போகிற அவசரத்தில் சாத்தினார்களோ, உள்ளே இருந்த கைபிடி இறுகிப்போய் அசையவில்லை. முதலில் கூப்பிட்டார். பிறகு தட்டினார். கை மரத்த பிறகு முழங்கையால் இடித்தார், மூக்குக்குள் மயிர் விறைத்து ஊசி மாதிரிக் குத்தியது, கண்ணிமை ஒட்டி ஒட்டிப் பிரிந்தது, ஒரு வேடிக்கை, அந்த நேரத்தில் அம்மாவையோ கடவுளையோ நினைக்கவில்லை, பெட்டியில் ஒட்டியிருந்த மீன் படத்தை, அதன் சிரிக்கிற வாயைப் பார்த்து அந்தப் படம் கீறினவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அப்போது வெளியே யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. ரப்பர் சப்பாத்து ஈரச் சீமெந்தில் சதக் சதக் என்று வந்தது. கதவுக்கு நேரே நின்றது. நின்றது, அதை இவர் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவார். இவர் இடித்தார். பிறகு அந்தச் சத்தம் போய்விட்டது. பிறகு வேறு யாரோ வந்து திறந்தார்கள், எல்லாரும் கோப்பிக் கோப்பையோடு நின்றார்கள், மேற்பார்வை செய்கிறவன் தோளில் தட்டி, வி-க்குத் தெரியாது நீ உள்ளே இருந்தாய் என்று சொன்னான். எங்களுக்குத் தெரியாது. எந்த எங்களுக்கு? கதவைச் சாத்தினவன் அதற்குள் இருக்கிறானா, நின்றுவிட்டுப் போன சப்பாத்து இருக்கிறதா, ஊர் முழுக்க இருக்கிறதா? உடம்பு அன்றைக்கே சூடாகிவிட்டது. அந்தச் சொல் சூடாகவில்லை. பன்னிரண்டு வயது இங்குன் தாய்க்குச் சாப்பாடு கொண்டுவருகிற வழியில் கதவுக்கு முன்னால் நிற்கிறாள், கேட்கிறாள், போகிறாள் என்று இவர் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதினார், எழுதி முடித்த அன்று தோள் இரண்டும் இறங்கி நித்திரை வந்தது. ஐரிக் அதைத் திருத்தி அனுப்பினான். அத்தியாயம் ஒரு வரியாகிவிட்டது. 'கதவுக்குப் பின்னால் தட்டுவதுபோல் இருந்தது, காற்றாக இருக்கும்.' காற்றாக இருக்குமாம். காரணம் கேட்கக்கூடாது என்பது விதி, கேட்கவில்லை. ஒரு வரியாவது மிஞ்சியதே என்று விட்டார். விட்டதுதான் பிழை. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சென்னையில் ஒரு பிள்ளை நியாயம் கேட்கிறாள், சேர்ந்து எழுதினவனுக்கு அது இன்னும் காற்று.

அதோடு மேடைகள். மேடையில் இவன் வி வி என்று பொழிவதைக் கேட்டால் நெஞ்சு எரியும். "வி இருட்டுக்குப் பழகியவர்கள், அதனால்தான் குற்றக் கதை எழுதுகிறோம்" என்பான், சனம் தலையாட்டும். இந்த வி-க்குள் நான் இருக்கிறேனா என்று பக்கத்துக் கதிரையில் இருக்கிற இவர் யோசிப்பார். இருட்டுக்குப் பழகியவர்கள் என்றால் அது நோர்வேக்காரர், அவனும் எதிரே இருக்கிற சனமும், அப்படியென்றால் அது நாம், அதில் இவர் இல்லை. எழுதுகிறோம் என்றால் அது அவனும் இவரும், அது நாங்கள், அதில் சனம் இல்லை. ஒரே வசனத்துக்குள் இவரைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுத் திருப்பி உள்ளே எடுக்கிறான், எடுத்ததும் தெரியாது போட்டதும் தெரியாது, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறான். உறைகிடங்குக் கதையையும் அவன்தான் சொல்வான். இவர் சொன்னால் நாலு வசனத்தில் முடிந்துவிடும், அவன் சொன்னால் கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள். இன்றைக்கும் சொல்வான். நாவல் தொடங்க முன்னமே ஒரு விருந்தில் அவன் அதைச் சொல்ல, சறோசா கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தாள். "உள்ளுக்கு நிண்டு விறைச்சது நீங்கள், இருமல் வந்தது அவருக்கு." பிறகு, "உங்கள் ரண்டு பேரையும் கட்டி வைச்சிருந்தா நான் நிம்மதியா ஊரில இருந்திருப்பன்" என்றாள். அவள் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லுவாள்? சும்மா நாம் எண்டு போட்டு அனுப்புங்கோ, அந்தாளுக்கு என்ன தமிழ் தெரியுமே என்றுதான் சொல்லுவாள். அதுதான் காலையில் இருந்து ஆணியாக உருளுகிறது. போட்டு அனுப்பலாம். இவனுக்குத் தெரியவே வராது. அடுத்த நாவலுக்கு இருவரும் இந்த வாரம் ஒப்பமிடப்போகிறார்கள், அதற்குக் கதாநாயகி இங்குன்தான், கைசுத்தமான இங்குன், தொடர்ந்து பல நாவல்களுக்கு ஓடப்போகிற இங்குன். நாம் என்று போட்டால் தமிழில் அவள் கதை முடிந்தது. போட்டதை இவனிடம் சொன்னால் இங்கேயும் முடியலாம். அடுத்த புத்தகம் போனால் இவருக்கு என்ன மிஞ்சும்? வீட்டில் இரண்டு கதிரை, பேசாத ரேடியோ. இந்த மனிதனின் கார், இந்த மனிதனின் கறுப்பு மிட்டாய், இந்தச் சனியன் பிடித்த வைப்பர், யோசித்துப் பார்த்தால் கிழமையில் இவரோடு வாய் திறக்கிற ஒரே ஆள் இதுதான். அதை நினைக்க இன்னும் எரிச்சலாக இருந்தது. நாங்கள் என்றே விட்டுவிட்டால்? அப்போது இங்குன் தப்பிவிடுவாள், கதவுக்கு முன் நின்ற சப்பாத்து தப்பிவிடும், அது காற்று என்று இவரே இவருடைய மொழியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். கிறீச்.

"அதை நிப்பாட்டு" என்றார்.

"எதை?"

"வைப்பரை. மழை இல்லை."

ஐரிக் கண்ணாடியைப் பார்த்தான், முதல்முறையாகப் பார்க்கிறவன்போலப் பார்த்தான், நிறுத்தினான். "நீ காலையில் இருந்தே ஒரு மாதிரி இருக்கிறாய். வயிறா?"

"ஓஸ்தா" என்றார் பேரின்பநாதன்.

"எந்த ஓஸ்தா? நம்முடைய ஓஸ்தாவா?"

நம்முடையதா, எங்களுடையதா என்று இவன் சொன்ன ஒற்றைச் சொல்லை மனம் தன்பாட்டில் தமிழாக்கிப் பார்த்தது, அவன் வேறு ஒருவரோடும் பேசவில்லை, எதிரில் இவர் மட்டும்தான், ஆகவே நம்முடைய என்றுதான் வரவேண்டும், இலக்கணத்துக்கு வேறு வழியில்லை. அதையும் எரிச்சலோடு தள்ளிவிட்டார். "அவள் கடைசியில் வி என்று சொல்கிறாளே. அதில் யார் யார் இருக்கிறார்கள்?"

ஐரிக் மிட்டாயை மற்றக் கன்னத்துக்கு மாற்றினான். "இதென்ன கேள்வி? ஓஸ்தா. பொதி செய்கிற மேசையில் நின்ற மற்றப் பெண்கள். அவர்கள்தானே கதவைச் சாத்தினார்கள்."

"இங்குன்?"

"இங்குன் பொலிஸ்."

"பன்னிரண்டு வயதில் பொலிஸ் இல்லை. கேட்டவள்."

"காற்றைக் கேட்டாள்."

"காற்று என்று எழுதினது நீ. நான் எழுதினது ஓர் அத்தியாயம்."

ஐரிக் திரும்பி உட்கார்ந்தான், சீற் பெல்ட் அவன் வயிற்றை அறுத்தது. "மூன்று வருடமாக என்னோடு ஊர் ஊராக வந்து வாசிக்கிறாய். அவள் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டா வாசிக்கிறாய்?"

"ஓம்." அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. "ஆமாம்."

"எனக்குச் சொல்லவே இல்லை!"

"பேசக்கூடாது என்று விதி வைத்தவன் நீ."

"நான் பொலிஸ்காரன், நான் விதி வைப்பேன். நீ எழுத்தாளன், நீ மீறியிருக்க வேண்டும்!" என்று ஐரிக் ஸ்டியரிங்கில் அடித்தான், ஹோர்ன் அலறியது, முன்னால் நின்ற காரில் இருந்து ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள், ஐரிக் அவளுக்குக் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே முகத்தோடு இவரிடம் திரும்பினான். "பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பேர். இந்த நாட்டில் எந்த நீதிமன்றமும் அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காது."

"நீதிமன்றம் கேட்காது. ஓஸ்தா சொல்கிறாள். சொல்லவும்தான் அவள் மெசினை நிறுத்துகிறாள். நிறுத்துகிற வரியை எழுதினது யார்? நான்."

"இரக்கத்தில் நிறுத்துகிறாள்!"

"பயத்தில்."

அவன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபத்தில் இருந்து மெதுவாக வேறு ஏதோ ஒன்றுக்கு அந்த முகம் மாறிற்று, பழைய தொழில் முகம், எதிரில் இருக்கிறவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று தேடுகிற முகம். "இப்போது ஏன் கேட்கிறாய்?" என்றான். இவர் சொன்னார். தமிழில் அதற்கு இரண்டு சொல், ஒன்றில் கேட்கிறவள் உள்ளே, மற்றதில் கேட்கிறவள் வெளியே, நடுவில் நிற்க இடமில்லை, இன்று பின்னேரத்துக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். தன் ஊரில் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதைச் சொல்லவில்லை, அதைச் சொன்னால் அந்த ஒன்றையே போடு என்பான். ஐரிக் இரண்டு சொல்லையும் சொல்லிக் காட்டச் சொன்னான். "நாம். நாங்கள்." அவன் வாயில் நாம் வந்தது, நாங்கள் கடைசியில் வழுக்கி விழுந்தது. பிறகு தோளைக் குலுக்கினான். "சரி, உன் விருப்பப்படி போடு. எனக்குத் தெரிந்த ஒருவரும் அதை வாசிக்கப்போவதில்லை."

இதுதான். இந்தத் தோள் குலுக்கல்தான். அவன் கோபித்திருந்தால் தாங்கியிருப்பார், முடியாது என்றிருந்தால் சண்டை பிடித்திருப்பார், ஒரு செலவும் இல்லாமல் தூக்கிக் கொடுக்கிறானே, தனக்கு வேண்டாத பழைய ஜக்கட்டைக் கொடுக்கிறமாதிரி, நீ வேண்டுமானால் உன் மொழியில் அவளைக் கொலைகாரி ஆக்கிக்கொள், எங்கள் மொழியில் அவள் சுத்தம். அந்தக் கதவுக்கு வெளியே கோப்பிக் கோப்பையோடு நின்றவர்கள் முகத்தில் இருந்ததும் இதே நல்ல மனம்தான். "இல்லை" என்றார். "வாசிக்காவிட்டாலும் நீ தெரிந்துகொள். தமிழில் அவள் குற்றவாளி என்றால் எனக்கு எல்லா மொழியிலும் அவள் குற்றவாளிதான். அடுத்த புத்தகத்தில் அவளை வெள்ளையாய் வைத்து என்னால் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. ஒப்பமிட முன்னம் சொல்கிறேன். வேண்டுமென்றால் நீ தனியாக எழுது."

"அப்படியென்றால் அடுத்த புத்தகமே இல்லை."

"இல்லையென்றால் இல்லை."

"அந்த ஒற்றைச் சொல்லுக்காகவா?"

"அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான்."

ஐரிக் யன்னலை இறக்கி, மிட்டாயைக் காற்றில் துப்பினான். காற்று அதை வாங்கிக்கொள்ளவில்லை, கதவிலேயே அடித்தது. "எங்கேயோ யாரோ நின்றுவிட்டுப் போன சப்பாத்துக்கு என் இங்குனைத் தூக்கில் போடுகிறாய்" என்றான் கசப்பாக. பேரின்பநாதன் திடுக்கிட்டுத் திரும்பினார். சப்பாத்தைப் பற்றி நாவலில் ஒரு சொல்லும் இல்லை, மேடையிலும் இவன் அதைச் சொன்னதே இல்லை. நாவல் தொடங்க முன்னம் எப்போதோ ஒருமுறை, சறோசாவின் செத்தவீடு முடிந்த பின்னேரம், கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது இவர் வாய் தவறிச் சொன்னது. கேட்டும் கேளாததுபோல இவன் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அதை ஏன் மேடையில் சொல்வதில்லை?" என்று கேட்டார். "அது உன்னுடையது" என்றான் ஐரிக் எரிச்சலோடு, மடையனுக்குப் பதில் சொல்கிறமாதிரி. "மற்றதை எல்லாம் எடுத்தேன். அதை எப்படி எடுக்கிறது? அதனால்தான் அந்த அத்தியாயத்தையும் வெட்டினேன். புத்தகக் கடையில் கூட்டத்துக்கு நடுவில் கிடக்கிற விஷயமா அது?"

இப்போது இவருக்கு இன்னும் கோபம் வந்தது, போன கோபத்தைவிட மோசமான கோபம், வைத்துக்கொள்ள இடம் இல்லாத கோபம். காரணம் கேட்கக்கூடாது என்று கேட்காமல் விட்ட காரணம் இதுவா, இந்தக் காரணத்துக்கு யாரை ஏசுவது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா, சொல்லியிருந்தால் வெட்டாதே என்று இவர் கத்தியிருப்பாரா, எனக்காக நீ மறைக்கத் தேவையில்லை, சனத்துக்கு முன்னால் கிடக்கட்டும் என்றுதானே எழுதினேன் முட்டாளே. முட்டாளே என்பது மட்டும் சத்தமாக வந்தது. நல்லவேளை தமிழில். கடலில் வெளிச்சம் தெரிந்தது, படகு வாயைத் திறந்துகொண்டு வந்தது, மஞ்சள் ஜக்கட் போட்டவன் கைவிளக்கை ஆட்டினான், வரிசையில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர்த்தன. இவருடைய போன் அடித்தது. பூரணி.

"சார், ஃபைலை மூடப்போறோம். முடிவு பண்ணிட்டீங்களா?"

"நாம் எண்டு போடுங்கோ பிள்ளை."

"நாம்தான் செய்தோம்." அவள் எழுதிக்கொள்வது கேட்டது. "அப்போ இங்குனும் சேத்திதான்."

"ஓம். அவவும்தான்."

"கூட எழுதினவரைக் கேட்டீங்களா சார்? ஒத்துக்கிட்டாரா?"

பேரின்பநாதன் பக்கத்தில் பார்த்தார். ஐரிக் கியரை ஒரு கெட்ட வார்த்தையோடு மாற்றிக்கொண்டிருந்தான். "இல்லை" என்றார். "ஒத்துக்கொள்ளேல்லை. அடுத்த புத்தகம் வருமோ தெரியாது. நாங்கள் இஞ்ச காருக்குள்ள சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிறம்."

மறுமுனையில் சிரிப்பு. "சார், இப்போ சொன்னது உங்க ஊர் நாங்களா, எங்க ஊர் நாங்களா?"

படகின் இரும்புத் தட்டில் காரின் முன்சில்லு ஏறி இடித்தது, இருவரும் ஒருமுறை தூக்கிப் போடப்பட்டார்கள். "என்னவாம் அவள்?" என்றான் ஐரிக். பொறு என்று அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினார் பேரின்பநாதன்.

"உங்கட ஊர் நாங்கள்தான் பிள்ளை" என்றார். "நானும் இவனும் மட்டும்."